குறி பழகுவோம்: கரம் பலகையில் சில ஆரம்பப் பயிற்சிகள்



இந்தப் பாடப் பகுதியில் வழக்கமாக விதை நெல், பசளை, கோழி வளர்ப்பு, சிறுசேமிப்பு என்பவற்றைப் பற்றியே எழுதுவோம். இம்முறை கரம் ஆட்டத்தைப் பற்றி எழுதப் போகிறோம் என்றதும் சில பெரியவர்கள் முகம் சுளிக்கக்கூடும். ஆயினும் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கத்து மீள்குடியேற்றங்களில் அஸர் தொழுகைக்குப் பிறகு நடந்து பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். பொது மண்டபத்தில் ஒரு கரம் பலகை இருந்தால் அதைச் சுற்றி இருபது பிள்ளைகள் நிற்பார்கள். நால்வர் ஆடுவார்கள், மற்றவர்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஆடுகிற நால்வரும் நாள்தோறும் அதே நால்வர்தான். மற்றவர்களுக்குக் குறி வராது; குறி வராதவனை யாரும் பலகையில் சேர்ப்பதில்லை; சேர்க்காததால் அவனுக்குக் குறி வருவதுமில்லை. இந்த வட்டத்தை உடைப்பதற்காகவே இப்பாடம்.

"எங்கட கை ராசியில்லாத கை" என்று ஒரு பையன் எங்களிடம் சொன்னான். வயது பதினான்கு. அவனுடைய மூத்தாப்பா 1990ஆம் ஆண்டின் கலவரத்தில் வயலைக் கைவிட்டு வந்தவர். கடற்கரையில் கட்டிய வீட்டை 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் கொண்டுபோனது. இலங்கையில் அன்று அதிக உயிர்களை இழந்தது எமது அம்பாறை மாவட்டமே என்பது நீங்கள் அறிந்ததுதான். அப்படியான வீட்டில் வளர்ந்த பிள்ளை, கரம் காய் குழிக்குள் விழாததற்கும் ராசியையே காரணம் சொல்கிறது. எங்களுக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. காய் விழாததற்குக் காரணம் உண்டு, அதைக் கண்டுபிடிக்கலாம், திருத்தலாம். அவன் கதையைப் பின்னால் சொல்கிறோம்.

முதலில் பலகையைப் பார்ப்போம்

குறி தவறினால் கையைக் குற்றம் சொல்லுமுன் பலகையைப் பாருங்கள். பலகை மட்டமாக இருக்கிறதா? நடு வட்டத்தில் ஒரு கண்ணாடிப் போளையை வையுங்கள். அது ஒரு பக்கமாக உருண்டால் அந்தப் பக்கத்துக் காலின் கீழ் மடித்த கடதாசியைச் செருகுங்கள். போளை நிற்கும் வரை இதைச் செய்யுங்கள். வயலை மட்டப்படுத்தாமல் நீர் பாய்ச்சுகிறவன் எவனும் இல்லை; பலகைக்கும் அதே கணக்குத்தான்.

மாரி காலத்தில் எமது கரையோரக் காற்றில் ஈரம் மிகுதி. ஈரம் குடித்த பலகையில் பவுடர் கட்டிபட்டுப் போகும். ஆடுமுன் உலர்ந்த துணியால் துடைத்து, போரிக் பவுடரைச் சிறிதளவு தூவினால் போதும். முகத்துக்குப் பூசும் பவுடரைப் போடாதீர்கள். அது காயைப் பிடிக்கும். போரிக் பவுடர் வயிற்றுக்குள் போனால் நஞ்சு. சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஆடி முடிந்ததும் கை கழுவிய பிறகே சாப்பாட்டைத் தொட வேண்டும்.

அளவுகளையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. சர்வதேச கரம் சம்மேளனம் 1988இல் சென்னையில் தொடங்கப்பட்டது. அதன் விதிப்படி ஆடுதளம் சதுரமானது, பக்கம் 73.5 முதல் 74 சென்ரிமீற்றர். எட்டு மில்லிமீற்றருக்குக் குறையாத தடிப்புள்ள ஒட்டுப்பலகை வேண்டும். குழியின் விட்டம் 4.45 சென்ரிமீற்றர். காயின் விட்டம் 3.02 முதல் 3.18 சென்ரிமீற்றர், நிறை ஐந்து முதல் ஐந்தரை கிராம். ஸ்ட்ரைக்கரின் விட்டம் 4.13 சென்ரிமீற்றருக்கும் நிறை 15 கிராமுக்கும் மேற்படக் கூடாது. உங்கள் ஊர்த் தச்சரிடம் இந்த அளவுகளைக் கொடுத்தால் அவரே ஒரு பலகை செய்து தருவார். கடைப் பலகையைவிடக் குறைந்த செலவில் முடியும் என்று நாங்கள் உறுதி சொல்லமாட்டோம். நான்கு மூலையும் சரியான மூலைமட்டமாக வராவிட்டால் அந்தப் பலகை குறி பழக உதவாது. மூலைவிட்டங்கள் இரண்டையும் கயிற்றால் அளந்து பார்த்து, இரண்டும் சமமாக இருந்தால் மட்டும் பொறுப்பெடுங்கள்.

எவ்வளவு இடம் இருக்கிறது?

குழி 4.45, பெரிய காய் 3.18. காய் எதிலும் படாமல் முழுதாக விழுவதற்கு மிஞ்சியிருக்கும் இடம் 1.27 சென்ரிமீற்றர். அதாவது பக்கத்துக்கு ஆறு மில்லிமீற்றர் சொச்சம். மெதுவாக வரும் காய் விளிம்பில் தட்டியும் விழுவதுண்டு. அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

இதை வைத்து நாங்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். நேர் அடியில், காயைத் தொடும் நேரத்தில் ஸ்ட்ரைக்கர் இருக்க வேண்டிய இடத்திலிருந்து எவ்வளவு விலகினாலும் காய் விழும்? காய் குழியிலிருந்து ஒரு கை அகலத்தில், அதாவது பத்து சென்ரிமீற்றரில் இருந்தால், இரண்டு மில்லிமீற்றருக்குச் சற்று மேல் விலகலாம். ஒரு சாண் தூரத்தில் இருந்தால் ஒரு மில்லிமீற்றர். இரண்டு சாண் தூரத்தில் இருந்தால் அரை மில்லிமீற்றர்தான். தூரம் இரட்டித்தால் பிழைக்குரிய இடம் பாதியாகிறது.

புதிதாகப் பழகும் பிள்ளை முதல் நாளே எட்டத்துக் காயை அடிக்கத் தொடங்குகிறது. அரை மில்லிமீற்றர் பிழையைக் கை பொறுக்காத வயதில் அந்தச் சோதனையை வைத்தால் கை சோர்ந்துவிடும். ஆகவே எமது பயிற்சிகள் எல்லாம் குழிக்கு அருகிலிருந்து தொடங்கி, பின்னோக்கிப் போகின்றன.

முதலாம் பயிற்சி: காய் இல்லாமல்

பலகையில் ஒரு காயும் வேண்டாம். ஸ்ட்ரைக்கரை அடிக்கோடுகளின் நடுவில், இரு கோட்டையும் தொடும்படி வையுங்கள். எதிர்ச் சட்டத்தின் நடுவைப் பார்த்து நேராக அடியுங்கள். நேராகப் போனால், பட்டுத் திரும்பும்போது அதே பாதையில் உங்கள் நடுவிரலுக்கு நேரே வரும். இடமாகத் திரும்பினால் இடமாக விட்டிருக்கிறீர்கள். வலமாகத் திரும்பினால் வலமாக. இப்படி இருபது முறை.

பிள்ளைகள் செய்யும் பெரிய பிழை விரலைப் பின்னுக்கு இழுத்து ஸ்ட்ரைக்கரைக் குத்துவது. விரலுக்கும் ஸ்ட்ரைக்கருக்கும் இடையில் இடைவெளி இருந்தால் விரல் எங்கே படும் என்பது அவரவர் பாடு. நகத்தை ஸ்ட்ரைக்கரோடு ஏறக்குறைய ஒட்டி வைத்து, அங்கிருந்தே சுண்டிவிடுங்கள். மற்ற விரல்கள் பலகையில் ஊன்றியிருக்கட்டும். சுட்டுவிரலா, நடுவிரலா என்பது அவரவர் வசதி. விதி எந்த விரலுக்கும் தடை சொல்லவில்லை; பெருவிரலாலும் அடிக்கலாம். ஆனால் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் ஒரு மாதத்துக்கு மாற்றாதீர்கள்.

வேகம் வேண்டாம். எதிர்ச் சட்டத்தில் பட்டு உங்கள் அடிக்கோட்டுக்குத் திரும்பி வந்து நிற்குமளவு வேகம் போதும். பலத்த அடியைக் கேட்டுச் சுற்றி நிற்பவர்கள் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டலால் கெட்டுப்போன கைகளை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம்.

இரண்டாம் பயிற்சி: மூன்றும் ஒரே கோட்டில்

இப்போது ஒரு காயை எதிர்ப்பக்கக் குழியிலிருந்து ஒரு கை அகலத்தில் வையுங்கள். குழியின் நடு, காயின் நடு, இரண்டையும் இணைத்து ஒரு நூலைப் பிடித்து உங்கள் அடிக்கோடு வரை இழுங்கள். நூல் அடிக்கோட்டை வெட்டும் இடத்தில் ஸ்ட்ரைக்கரை வையுங்கள். நூலை எடுத்துவிட்டு அடியுங்கள்.

கரம் ஆட்டத்துக்கும், நகரங்களில் கோலால் பந்தடிக்கும் பூல் ஆட்டத்துக்கும் உள்ள முக்கிய வேறுபாடு இங்கேதான். பூல் மேசையில் வெள்ளைப் பந்து நின்ற இடத்திலிருந்தே அடிக்க வேண்டும். எமக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அடிக்கோடு நெடுகிலும் விரும்பிய இடத்தில் ஸ்ட்ரைக்கரை வைக்கலாம். ஆயினும் பழகாத பிள்ளை ஸ்ட்ரைக்கரை முதலில் வைத்துவிட்டு, பிறகு எந்தக் காயை அடிக்கலாம் என்று தேடுகிறது. முறை அதுவல்ல. முதலில் குழியைப் பார். பிறகு காயைப் பார். அந்தக் கோட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு வா. கடைசியாக ஸ்ட்ரைக்கரை வை. இந்த ஒழுங்கு பழகிவிட்டால் ஆட்டத்தில் வரும் காய்களில் கணிசமானவற்றை நேர் அடியாகவே ஆடலாம்.

நேர் அடியில் ஓர் ஆபத்து உண்டு. பூல் பந்துகள் இரண்டும் ஒரே நிறை. நேராக, சுழலாமல் போய் மோதினால் அடித்த பந்து நின்றுவிடும், அடிபட்டது போகும். எமது ஸ்ட்ரைக்கரோ காயைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு நிறை. மோதிய பிறகும் பாதியளவு வேகத்தோடு முன்னே போகும். காய்க்குப் பின்னால் அதுவும் குழிக்குள் விழுந்துவிடும். விழுந்தால் குற்றம், ஏற்கெனவே போட்ட காய் ஒன்றைத் திரும்ப எடுத்துப் பலகையில் வைக்க வேண்டும். இதனால்தான் மெதுவான அடியை வற்புறுத்துகிறோம். காய் குழிக்குள் மெல்ல உருண்டு விழ வேண்டும். ஸ்ட்ரைக்கர் குழி வாசலுக்கு முன்பே களைத்து நிற்க வேண்டும். இந்த அளவு கைக்கு வந்தால் காயை ஒரு சாணுக்குத் தள்ளுங்கள். பிறகு இரண்டு சாணுக்கு. பத்து அடியில் ஏழு விழுந்தால் மட்டுமே அடுத்த தூரத்துக்குப் போகலாம் என்று நாங்கள் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். அவசரப்படுகிறவர்கள் எட்டத்தில் நின்று ஏங்குவதைவிட இது மேல்.

மூன்றாம் பயிற்சி: இல்லாத ஸ்ட்ரைக்கர்

இந்தப் பாடத்தின் மையம் இதுதான். சற்றுப் பொறுமையாக வாசியுங்கள்.

நேர் அடி கிடைக்காத வேளையில் காயைச் சரித்து அடிக்க வேண்டும். அப்போது எங்கே குறி வைப்பது? காயில் ஒரு புள்ளியைப் பார்த்து அடி என்பார்கள். குழிக்கு நேர் எதிரே, காயின் பின்விளிம்பில் உள்ள புள்ளி அது. பிள்ளை அந்தப் புள்ளியைப் பார்த்து ஸ்ட்ரைக்கரின் நடுவை அனுப்புகிறது. காய் குழிக்குப் பக்கத்தில் சட்டத்தில் போய் இடிக்கிறது. எத்தனை முறை அடித்தாலும் அப்படியே. புள்ளி சரி, ஆனால் ஸ்ட்ரைக்கர் என்பது புள்ளி அல்ல, அகலமான வட்டம். அதன் நடு அந்தப் புள்ளிக்குப் போய்ச் சேருமுன் அதன் விளிம்பு வேறோர் இடத்தில் காயைத் தட்டிவிடுகிறது. காய் தடிப்பாக அடிபடுகிறது.

ஆகவே காயைக் குறி பார்க்காதீர்கள். காயைத் தொடும் நேரத்தில் ஸ்ட்ரைக்கர் நிற்க வேண்டிய இடத்தைக் குறி பாருங்கள். அங்கே ஒரு ஸ்ட்ரைக்கர் ஏற்கெனவே இருப்பதாக எண்ணிக்கொண்டு, உங்கள் ஸ்ட்ரைக்கரை அதன் மேல் கொண்டுபோய் நிறுத்துவதுபோல அனுப்புங்கள். பூல் பழக்குகிறவர்களும் இல்லாத பந்து ஒன்றை எண்ணிக்கொள்ளும்படிதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

கண்ணுக்குப் பழகும் வரை இப்படிச் செய்யலாம். இன்னொரு ஸ்ட்ரைக்கர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பழைய கொப்பி மட்டையில் அதே அளவு வட்டம் வெட்டி, நடுவில் ஊசியால் ஒரு துளை போடுங்கள். காயை வைத்து, குழியிலிருந்து காயின் நடு வழியாக நூல் பிடியுங்கள். அந்த நூலின் மேல், காயின் பின்னால் ஒட்டினாற்போல மட்டையை வையுங்கள். துளை வழியாகப் பலகையில் பென்சிலால் மெல்லிய புள்ளி இடுங்கள். மட்டையை எடுங்கள். இப்போது காயை மறந்துவிட்டு, ஸ்ட்ரைக்கரின் நடு அந்தப் புள்ளியைக் கடக்குமாறு அடியுங்கள். காய் தானாகக் குழிக்குப் போகும்.

அந்தப் புள்ளி காயின் நடுவிலிருந்து எவ்வளவு தூரம்? ஸ்ட்ரைக்கரின் அரைவாசியும் காயின் அரைவாசியும் சேர்ந்தால் ஏறத்தாழ 3.65 சென்ரிமீற்றர். பெரியவர் ஒருவரின் இரு விரல் அகலம் என்று வைத்துக்கொள்ளலாம். காயின் நடுவிலிருந்து, குழிக்கு எதிர்ப்புறமாக இரு விரல். ஆட்ட நேரத்தில் நூலும் மட்டையும் இல்லாவிட்டாலும் இந்த இரு விரல் கண்ணில் நிற்கும். ஆட்ட நடுவே பலகையில் விரல் வைத்து அளக்கக் கூடாது, கண்ணால் அளப்பதுதான்.

எமது மண்டபத்தில் புள்ளியை இட்டு அடித்த முதல் நாள் ஒரு பெண்பிள்ளை கேட்டாள்: "சேர், நான் காயைப் பார்க்கவே இல்லையே, அது எப்படிப் போச்சு?" அதைவிடத் தெளிவாக இப்பாடத்தை எங்களால் சொல்ல முடியவில்லை.

நான்காம் பயிற்சி: விசிறி

காயையும் புள்ளியையும் அப்படியே விடுங்கள். ஸ்ட்ரைக்கரை அடிக்கோட்டின் ஒரு முனையில் வைத்து அடியுங்கள். பிறகு மூன்று விரல் நகர்த்தி வைத்து அடியுங்கள். இப்படியே மறுமுனை வரை. ஒவ்வொரு முறையும் காயையும் அதே இடத்தில் திரும்ப வைக்க வேண்டும். புள்ளி மாறாது, நீங்கள் வரும் திசைதான் மாறுகிறது. ஒரு பக்கத்திலிருந்து வந்தால் தடித்த அடி, இன்னொரு பக்கத்திலிருந்து வந்தால் மெலிந்த அடி. எந்த இடத்திலிருந்து உங்கள் கைக்கு இலகுவாக இருக்கிறது என்று பாருங்கள். எல்லோருக்கும் அது ஒன்றாக இராது.

முனை வட்டத்தில் வைக்கும்போது ஒரு விதியைக் கவனியுங்கள். ஸ்ட்ரைக்கர் அந்தச் சிவப்பு வட்டத்தை முழுதாக மூடியிருக்க வேண்டும், அல்லது அதைத் தொடாமலே இருக்க வேண்டும். பாதி மூடினால் குற்றம்.

விசிறிப் பயிற்சியில் ஓர் அடையாள அடியையும் மனத்தில் பதித்துக்கொள்ளலாம். ஸ்ட்ரைக்கரின் நடுவைக் காயின் ஓரத்தைப் பார்த்து விட்டால், காய் நீங்கள் அடித்த திசையிலிருந்து ஏறத்தாழ 26 பாகை விலகிப் போகும். பூல் மேசையில் இரு பந்தும் ஒரே அளவானபடியால் அங்கே இது 30 பாகை. பாடசாலை மூலைமட்டத்தின் கூரிய முனையைவிடச் சற்று ஒடுக்கமானது எமது கோணம். இந்த ஓர் அடியைக் கை அறிந்துகொண்டால், வேறொரு காயைப் பார்க்கும்போது "இதைவிடத் தடிப்பாகவா, மெலிதாகவா?" என்று கேட்டுக்கொள்ள ஓர் அளவுகோல் கிடைக்கிறது. மிக மெலிந்த அடிகளை இப்போது பழக வேண்டாம். தேர்ந்த ஆட்டக்காரரும் வேறு வழி இல்லாதபோதுதான் அதை எடுக்கிறார்கள்.

சட்டத்தில் பட்டுத் திரும்பி வந்து காயை அடிக்கும் முறை இன்னொரு பாடமாக எழுதத் தக்கது. போன கோணத்திலேயே திரும்பும் என்பதை மட்டும் இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பலத்து அடித்தால் அந்தக் கணக்குச் சற்றுப் பிசகும்.

ஐந்தாம் பயிற்சி: கொப்பி

எழுதுவதற்குப் பிள்ளைகள் முனகுவார்கள். ஆயினும் மற்ற நான்கையும்விட இதையே நாங்கள் பெரிதாக எண்ணுகிறோம்.

ஒரே காய், ஒரே இடம், ஒரே அடி. பத்து முறை. விழுந்தால் ஒரு சரி அடையாளம். விழாவிட்டால், காய் குழிக்கு இடப்பக்கம் போனதா, வலப்பக்கம் போனதா? இ அல்லது வ என்று எழுதுங்கள். ஐந்து நாள் எழுதிய பிறகு பக்கத்தைப் பாருங்கள். இகரமும் வகரமும் கலந்து கிடந்தால் கை இன்னும் உறுதிப்படவில்லை. முதலாம் பயிற்சிக்குத் திரும்ப வேண்டும். எல்லாம் ஒரே எழுத்தாக இருந்தால் கை நல்ல கை. அது ஒவ்வொரு முறையும் ஒரே இடத்துக்கே அனுப்புகிறது. பார்வைதான் தவறான இடத்தைக் காட்டுகிறது.

ராசியில்லாத கை என்று சொன்ன பையனின் கொப்பியைத் திறந்தபோது பக்கம் முழுதும் வ, வ, வ என்றிருந்தது. அவன் வெட்கப்பட்டான். நாங்கள் மகிழ்ந்தோம். ஆனால் காரணம் எங்களுக்குப் பிடிபடவில்லை. நூல் பிடித்துப் பார்த்தோம்; பலகை மட்டம் சரி; விரல் சரி.

ஒரு நாள் அவனுடைய மூத்தாப்பா அவனை வீட்டுக்குக் கூட்டிப்போக வந்தார். வாசலில் நின்று சற்று நேரம் பார்த்தார். அவருக்குக் கரம் ஆடத் தெரியாது. உள்ளே வந்து பையனின் பின்னால் குந்தி, அவன் தோளுக்கு மேலால் பலகையைப் பார்த்தார்.

"மகன், நீ எங்க இருந்து பார்க்கிறாய்?"

"இங்கதான் மூத்தாப்பா."

"வரம்பு கட்டக் கயிறு பிடிக்கிறவன் கயித்துக்கு நேரே நிக்கணும். பக்கத்தில நிண்டு பார்த்தா வரம்பு கோணும். நீ பக்கத்தில இருக்காய்."

பார்த்தால் உண்மைதான். வாங்கு ஒன்றுதான், அதில் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். பையன் எப்போதும் ஓரத்தில். உடலைத் திருப்பி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து அடிப்பது அவனுக்குப் பழகிப்போயிருந்தது. அவன் பார்த்த கோடும் ஸ்ட்ரைக்கர் போன கோடும் வேறு வேறு. மற்ற இருவரையும் எழுப்பிவிட்டு அவனை நடுவில் இருத்தினோம். ஆட்டத்தின் நடுவே ஆசனத்தை நகர்த்த விதி இடந்தராது. ஆகவே தொடங்குமுன் சரியாக இருந்துகொள்ள வேண்டும். நாடி ஸ்ட்ரைக்கருக்கு நேரே, இரு கண்ணும் கோட்டின் இரு பக்கமும் சமமாக. அன்று அடித்த பத்தில் எத்தனை விழுந்தன என்று எழுத மறந்துவிட்டோம். வகரம் குறைந்திருந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது.

அந்தப் பெரியவர் அதற்குப் பிறகு அடிக்கடி வருகிறார். வயலில் நடந்தபோது தன் வாப்பாவிடம் கற்றதைத் தன் பிள்ளைகளுக்குக் காட்ட அவருக்கு நிலம் இருக்கவில்லை. இப்போது நூல் பிடிக்கிற வேலை அவருடையது. நூலை இழுத்துக் கட்டி, ஒரு கண்ணை மூடி, "இன்னும் ஒரு நெல்லளவு இங்கால" என்கிறார். நாங்கள் அரை மில்லிமீற்றர் என்று கணக்குப் போட்டதைவிடப் பிள்ளைகளுக்கு நெல்லளவு நன்றாக விளங்குகிறது.

கண் பற்றி இன்னொரு குறிப்பு. எல்லோருக்கும் ஒரு கண் முதன்மைக் கண். கையை நீட்டிப் பெருவிரலால் தூரத்துத் தென்னை ஒன்றை மறையுங்கள். ஒரு கண்ணை மூடுங்கள், பிறகு மற்றதை. எந்தக் கண் திறந்திருக்கும்போது விரல் தென்னையை விட்டு நகரவில்லையோ அதுவே முதன்மைக் கண். தலை சாய்கிற பிள்ளைகள் பலர் தம்மை அறியாமல் அந்தக் கண்ணைக் கோட்டுக்கு மேல் கொண்டுவரப் பார்க்கிறார்கள். சாய்ப்பதற்குப் பதிலாக முழுத் தலையையும் சிறிது நகர்த்திக்கொண்டால் போதும்.

ஆட்டமும் ஒழுங்கும்

பழகிய பிறகு ஆட வேண்டும். கறுப்பு ஒன்பது, வெள்ளை ஒன்பது, சிவப்பு ஒன்று. காசு வைத்து ஆடுவதை எமது மண்டபத்தில் அனுமதிப்பதில்லை. தேநீருக்கென்று வைப்பதையும் அனுமதிப்பதில்லை. ஊர்ப் பெரியவர்கள் பலகை வைக்க இணங்கியதே இந்த நிபந்தனையின் பேரில்தான். அதைவிட, காசு வைத்தால் தேர்ந்த நால்வர் மட்டுமே திரும்பவும் பலகையைப் பிடித்துக்கொள்வார்கள்.

பெண்பிள்ளைகளுக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். சனி, ஞாயிறு காலைகளில் மாதர் சங்கத்தார் பொறுப்பெடுத்தால் தாய்மார் தயங்கமாட்டார்கள். இந்த ஆட்டத்துக்கு உயரமும் வேண்டாம், பலமும் வேண்டாம்; மைதானமும் சப்பாத்தும் வேண்டாம். சென்னையில் உழைத்து வாழும் மக்கள் நெருங்கிக் குடியிருக்கும் வியாசர்பாடியிலிருந்து வந்த இளவழகி, 2008இல் பிரான்ஸின் கான் நகரில் உலகப் பட்டத்தை வென்றார். அதே சென்னையில் ஓட்டோ ஓட்டும் தந்தையின் மகளான காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் தனியாட்டம், இரட்டையர், குழு என மூன்று தங்கம் பெற்றார். அப்போது அவருக்குப் பதினேழு வயது. ஆண்களில் தமிழ்நாட்டு மரிய இருதயம் 1991இலும் 1995இலும் உலகச் சம்பியனானார். எமது நாட்டின் நிஷாந்த பெர்னாண்டோ 2012இல் கொழும்பில் நடந்த உலகப் போட்டியில் பட்டத்தை இலங்கைக்கு எடுத்தார். நமது பிள்ளைகள் எல்லோரும் அங்கே போவார்கள் என்று நாங்கள் ஆசை காட்டவில்லை. ஆனால் அங்கே போனவர்களும் அடிக்கோட்டின் நடுவில் ஸ்ட்ரைக்கரை வைத்து நேராக விடப் பழகியவர்களே.

ஒரு பலகைக்கு இருபது பிள்ளைகள் இருந்தால் எப்படிப் பங்கிடுவது என்று கேட்பீர்கள். நாங்கள் செய்வது இது. அஸருக்குப் பிறகு முதல் முக்கால் மணி நேரம் பயிற்சிக்கு. நான்கு பக்கத்திலும் நால்வர், ஒவ்வொருவர் முன்னும் ஒரு காய், ஆளுக்குப் பத்து அடி, மாறி மாறி. காத்திருப்பவன் சும்மா நிற்பதில்லை. அடிக்கிறவனின் கொப்பியில் இ, வ எழுதுவது அவன் வேலை. பிறர் பிழையை எழுதும்போது தன் பிழையும் தெரியவரும். அதன் பிறகுதான் ஆட்டம். மஃரிபுக்குப் பாங்கு சொல்லுமுன் காய்களை எண்ணிப் பையில் போட்டு, பலகையைத் துடைத்து, சுவரில் சாய்க்காமல் படுக்கையாக வைத்துச் சாக்கால் மூட வேண்டும். சாய்த்து வைத்த பலகை ஒரு மாரிக்குள் வளைந்துவிடும். எமது முதற் பலகை அப்படித்தான் போனது.